பழைய கொரோலாவும் கடைக்காரர் காட்டும் அழுக்கு ஃபில்டரும்

தம்பி, கோட்டையூரிலிருந்து அமெரிக்காவில் டாலஸ் வந்த கையோடு 2006 டொயோட்டா கொரோலா கார் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். ஆயில் மாற்றப் போன இடத்தில், எஞ்சினுக்குப் போகும் காற்றுக்கு ஒன்று, வண்டிக்குள் நாம் மூச்சுவிடும் காற்றுக்கு ஒன்று என்று இருக்கும் ஏர் ஃபில்டர் இரண்டும் போய்விட்டது, மாற்ற 110 டாலர் ஆகும் என்றார்களாம். அது எங்கே இருக்கிறது, நாமே மாற்றலாமா, வீடு, பள்ளிக்கூடம், மளிகை எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். மளிகைக்குக் கவலை வேண்டாம், கவுனி அரிசி வரைக்கும் கிடைக்கிறது. மற்றதை அலுவலகத்தில் உள்ளவர்களே சொல்வார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது அந்த 110 டாலரைப் பற்றித்தான்.

கொடுக்காதீர்கள். உதிரிபாகக் கடையில் இரண்டும் சேர்ந்தே அதில் பாதிக்குள் முடிந்துவிடும். வண்டியின் ஆண்டையும் எஞ்சின் அளவையும் சொன்னால் சரியானதை எடுத்துத் தருவார்கள்.

பானெட்டைத் திறந்தால் எஞ்சினிலிருந்து தடித்த கறுப்புக் குழாய் ஒன்று போகும். அது போய்ச் சேரும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் எஞ்சின் ஃபில்டர். கம்பிக் கிளிப்புகளை விரலால் நெம்பி மூடியைத் தூக்கினால் மடிப்பு மடிப்பாகக் காகிதம் தெரியும். அங்கே சென்சார் ஒயர் ஒன்று இருக்கும், அதை இழுத்துவிடாதீர்கள். பெட்டிக்குள் கிடக்கும் சருகையும் மண்ணையும் துடைத்துவிட்டுப் புதியதை வையுங்கள். ரப்பர் விளிம்பு சுற்றிலும் நன்றாக உட்கார்ந்த பிறகே கிளிப். இடைவெளி விட்டால் தூசி நேரே எஞ்சினுக்குப் போகும், அதற்குப் பழைய ஃபில்டரே தேவலை.

இன்னொன்று, ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டின் முன்னால் உள்ள க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால். பொருளையெல்லாம் எடுத்துவிட்டு, பெட்டியின் இரு பக்கத்தையும் உள்பக்கமாக அமுக்கினால் கீழே தொங்கிவிடும். ஓரத்தில் சின்னக் கம்பி கோத்திருந்தால் மெல்லக் கழற்றுங்கள். பின்னால் நீளவாக்கில் ஒரு மூடி, அதற்குள் கேபின் ஃபில்டர். உருவும்போதே அம்புக்குறி எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில பழைய வண்டிகளில் அந்த இடம் காலியாகவே இருக்கும். டாலஸில் நான் உருவிய முதல் ஃபில்டரின் மடிப்புகளுக்குள் ஓக் மரத்துப் பூச்சரம் காய்ந்து அடை அடையாக ஒட்டியிருந்தது, மேலெல்லாம் மஞ்சள் பொடி. மகளின் தும்மலுக்கு மருந்து வாங்கிக்கொண்டிருந்த காலம் அது.

ஃபில்டர் அழுக்கானால் மைலேஜ் போய்விடும் என்று கடையில் பயமுறுத்துவார்கள். கணினி இல்லாமல் கார்புரேட்டரே பெட்ரோலைக் காற்றோடு கலந்துவிட்ட காலத்துப் பேச்சு அது. 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் சோதித்துப் பார்த்தது. உங்களுடையதைப் போல் கணினி பெட்ரோலை அளந்துவிடும் வண்டிகளில், ஃபில்டர் அடைத்திருந்தாலும் மைலேஜ் குறையவில்லை, வேகமெடுப்பதுதான் மந்தமானது. எஞ்சின் ஃபில்டரை 30,000 மைலுக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். புழுதியில் ஓடினால் முன்கூட்டியே மாற்றுங்கள்.

நான் வந்த புதிதில் ஒரு கடையில் கரியேறிய ஃபில்டரைக் கொண்டுவந்து காட்டி, பிள்ளையை இந்தக் காற்றிலா கூட்டிப் போகிறீர்கள் என்றார் ஒருவர். கொஞ்ச நேரத்தில் அதே ஃபில்டரை எனக்கு அடுத்து நின்றவரிடம் நீட்டினார். அவருடைய வண்டி வேறு கம்பெனி. சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று சாயங்காலமே வண்டியின் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு நானே மாற்றினேன். இன்றுவரை எங்கள் வீட்டு வண்டிகளுக்கு வேறு யாரும் ஃபில்டர் போட்டதில்லை.

நம்மவர்களிடம் கேட்டால், இதற்கெல்லாமா மெனக்கெடுவது, புது வண்டி லீஸ் எடுங்கள் என்பார்கள். வந்த வருஷமே பெரிய வண்டி, மாதாமாதம் தவணை, விசா இழுத்தடித்தால் ராத்தூக்கம் இல்லை. அந்த யோசனையைக் காதில் வாங்காதீர்கள். நம் ஐயாக்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனபோது, கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகத்தான் தொடங்கினார்கள். அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாகப் பொறுப்புக்கு வந்ததெல்லாம் அப்புறம். கையில் அழுக்குப் படுவது நமக்கு இழுக்கில்லை.

காரைக்குடியில் அப்பச்சியின், அதாவது என் அப்பாவின், அம்பாசடர் காரைப் பட்டறைக்கு விட்டால், மேஸ்திரி ஃபில்டரை டயரில் நாலு தட்டுத் தட்டி, காற்றடித்து, அதையே திரும்ப மாட்டுவார். செம்மண் புழுதி அவர் தலையெல்லாம் படியும். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், காற்றின் வேகத்தில் காகிதம் கிழிந்துவிடும். அப்பச்சி வீட்டுக்கு வந்ததும் பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்து தேதி, கிலோமீட்டர், கூலி எல்லாவற்றையும் வண்டி நோட்டில் எழுதுவார்கள். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. புது ஃபில்டரை உள்ளே வைக்கும்முன் அதன் ஓரத்தில் மார்க்கரால் தேதியையும் மைலையும் எழுதிவிடுவேன். நீங்களும் எழுதுங்கள். அடுத்த தடவை யாராவது அழுக்கு ஃபில்டரைக் கொண்டுவந்து நீட்டினால், முதலில் ஓரத்தைத் திருப்பி உங்கள் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.