‘வாங்க’ சொல்லாத பெண் – கடிதமும் பதிலும்

வணக்கங்க அக்கா,

எனக்கு 36 வயது. பிறந்தது கோபி பக்கம், கட்டிக்கொடுத்தது திருப்பூரில். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மகனுக்கு ஆட்டிசம் என்று சொன்னபோது டாக்டர் கேட்ட கேள்விகளில் பாதி என் சின்ன வயசைப் பற்றிக் கேட்பது போலவே இருந்தது. போன வருஷம் கோவையில் மனநல மருத்துவரிடம் போனேன். எனக்கும் ஆட்டிசம்தான் என்றார். அழுகை வரவில்லை, ஆசுவாசமாக இருந்தது.

மாமியார், “ரெண்டு புள்ளை பெத்து, வேலைக்கும் போறவளுக்கு என்ன வந்துச்சு” என்கிறார். கணவர், “எல்லார்த்துக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்” என்கிறார். சொந்தத்தில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பேர். ஒறம்பரை வந்தால் ‘வாங்க’ சொல்ல மாட்டேனாம். சொல்லக்கூடாது என்றில்லைங்க. நாலைந்து பேர் சேர்ந்து வந்தால் எந்த முகத்தை முதலில் பார்ப்பது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மகன் போகும் தெரபி சென்டரில், உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2 அன்று நடக்கும் கூட்டத்துக்குப் பேசக் கூப்பிடுகிறார்கள். ‘எப்படி ஜெயிச்சீங்கன்னு சொல்லுங்க’ என்கிறார்கள். நான் எதையும் ஜெயிக்கவில்லை. பேசலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள அம்மணிக்கு,

பேசுங்கள். அவர்கள் கொடுத்த தலைப்பு மட்டும் வேண்டாம்.

‘வாங்க’ விஷயத்தைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நம் பக்கத்தில் ஒரு பெண்ணை எடை போட அந்த ஒரு சொல் போதும். திண்ணையில் செல்போனைப் பார்த்துக்கொண்டு தலை நிமிராத பையனை ‘அவன் அமைதி’ என்று விட்டுவிடுவார்கள். அவன் அக்காவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் பெண்பிள்ளைகள் வசனத்தை மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். எப்ப வந்தீங்க, பஸ்ஸுல கூட்டமா, உங்க பக்கம் மழை பேஞ்சுதா, சாப்பிட்டுட்டுத்தான் போகணும். மற்றவர்களுக்கு வாயில் தானாக வருவதை இவர்கள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசுகிறார்கள். மண்டபத்தில் செண்டை மேளம், மைக் செட், கழுத்தில் உரசும் ஜரிகை எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு தாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திப் படுத்துவிடுகிறார்கள். ‘தலைவலி’ என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

இதை மாஸ்கிங் என்கிறார்கள். இதை அளப்பதற்கென்றே 25 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் 2018இல் வந்தது. மனநலப் பிரச்சினைகளை அடையாளம் காண மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம் கையேடும், 2013 பதிப்பில், கற்றுக்கொண்ட உத்திகளால் அறிகுறிகள் பின்னாளில் மறைந்திருக்கலாம் என்றே சொல்கிறது. சத்தம், வெளிச்சம், உரசல் இவற்றால் வரும் தொந்தரவை ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்ததும் அந்தப் பதிப்புதான். உங்கள் மாமியாருக்கு அதிலேயே பதில் இருக்கிறது. ஆனால் கையேட்டைக் காட்டி மாமியாரைச் சம்மதிக்க வைத்த மருமகளை நான் இதுவரை பார்த்ததில்லை. அதை விட்டுவிடுங்கள்.

கணவர் சொல்வதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் சத்தம் பிடிக்காதுதான். அதற்காக எல்லோரும் முகூர்த்த நேரத்தில் மண்டபத்துப் பாத்ரூமுக்குள் காதைப் பொத்திக்கொண்டு நிற்பதில்லை.

இது ஏன் இத்தனை வயசு வரைக்கும் தெரியாமல் போனது என்றால், ஆட்டிசம் என்றதும் நம் மனதில் வருவது ஒரு பையனின் படம். 1943இல் லியோ கன்னர் என்ற குழந்தை மனநல மருத்துவர் எழுதிய பேர்பெற்ற கட்டுரையில் 11 குழந்தைகள். அதில் பெண்கள் 3 பேர்தான். அடுத்த வருஷம் வியன்னாவில் ஆஸ்பெர்கர் என்ற மருத்துவர் விரிவாக எழுதியதோ நான்கு பையன்களைப் பற்றி. நாலு பையனுக்கு ஒரு பெண் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், மூன்றுக்கு ஒன்று என்பதுதான் நெருங்கி வரும், அறிகுறி இருந்தும் பெண்கள் கணக்கில் வராமல் போகிறார்கள் என்றார்கள்.

இன்னொன்றும் உண்டு. டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் ஒன்றை எடுத்துச் சொன்னார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்கள் புரியவில்லை என்றால், மற்றவர்களுக்கும் அவர் புரிவதில்லை. சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது. உங்கள் ஒறம்பரைக்கும் இத்தனை வருஷமாக நீங்கள் புரியவில்லை. அவர்களை யாரும் தெரபிக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

சரி, மேடைக்கு வருவோம். துணியில் ஊசி ஓட்டை, நூல் விலகல் எல்லாம் உங்கள் கண்ணுக்கு உடனே படுவது ஆட்டிசத்தால்தான், அது ஒரு வரம் என்று பேசச் சொல்வார்கள். பேசாதீர்கள். இன்னும் வாய் திறந்து பேசாத பிள்ளைகளின் தாய்மார் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பிள்ளைக்கு எந்த வரமும் இல்லாமல் போகலாம். அந்தப் பிள்ளைக்கும் இதே மரியாதை வேண்டும். 1993இல் டொரொண்டோவில் நடந்த மாநாட்டில் ஜிம் சின்க்ளேர் பெற்றோர்களைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள் என்றார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். பெற்றோர் அதுவரை டாக்டர்களிடம் கேட்காத பேச்சு அது. உங்களாலும் அப்படி ஒன்று முடியும். ‘மாமாவுக்கு வாங்க சொல்லு கண்ணு’ என்று தோளைப் பிடித்துத் திருப்பும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது.

கம்பெனியில் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்து அதுதான் வரும். பேரில் ஆரம்பிக்காதீர்கள், தேவையில் ஆரம்பியுங்கள். உங்கள் டேபிளைக் கம்ப்ரஸர் பக்கத்திலிருந்து தள்ளிப் போடச் சொல்லுங்கள். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வாய்வார்த்தையாகச் சொல்லும் மாற்றத்தை வாட்ஸப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் சான்றிதழ் வேண்டாம். மறுத்தால் அப்புறம் சட்டம் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டாக்டர் சொன்னதும் அரசுச் சான்றிதழும் வேறு வேறு. சான்றிதழுக்கு, ஆட்டிசத்தின் அளவை மதிப்பிட இந்தியாவில் பயன்படுத்தும் 40 அம்சங்கள் கொண்ட ஐஎஸ்ஏஏ அளவுகோலில் மதிப்பெண் போடுவார்கள். வேலை ஒதுக்கீடு போன்றவற்றுக்குக் குறைந்தது 40 சதவீதப் பாதிப்பு என்று சான்றிதழில் இருக்க வேண்டும். உங்களைப் போல வெளியே சமாளித்துப் பழகியவர்களுக்கு அது கிடைப்பது கஷ்டம். கிடைக்காவிட்டால் டாக்டர் சொன்னது பொய் என்று ஆகிவிடாது.

கூட்டத்துக்கு முன்பே சென்டரில் போன் போட்டு ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உட்கார்ந்துகொண்டு பேப்பரைப் பார்த்தே படிக்கலாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. முடிந்ததும் சாப்பாட்டுக்கு நிற்காமல் கிளம்புவதாக இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பையனை அன்றைக்கு வேறு யாரிடமாவது விட்டுவிட்டு, கணவரை முன் வரிசையில் உட்கார வையுங்கள்.