பாலும் லேசரும் வைத்து விண்தூசி புராஜெக்ட் செய்யலாமா?

கேள்வி இது: பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். தண்ணீரில் பால் கலந்து லேசர் விட்டு, கோணத்துக்குக் கோணம் சிதறும் ஒளியை அளந்து வால்மீன் தூசியோடு ஒப்பிட நினைக்கிறேன். சரிவருமா, எங்கே தப்பும்?

தாராளமாகச் செய்யலாம். ஆனால் வால்மீன் ஆய்வாளர்கள் ஆவலாகப் பார்க்கும் கோணங்களில்தான் உங்கள் பீக்கர் பொய் சொல்லும்.

வால்மீன் தூசியில் சிதறி வரும் சூரிய ஒளியின் தளவிளைவு (போலரைசேஷன்; ஒளி ஒரே தளத்தில் அதிரும் அளவு), சிதறல் கோணம், அதாவது ஒளி தன் நேர்ப் பாதையிலிருந்து திரும்பும் கோணம், 90° பக்கம் வரும்போது உச்சத்தில் இருக்கும். வால்மீனைப் பொறுத்து 10 முதல் 30 சதவீதம் வரை. கோணம் கூடக்கூடக் குறைந்து, 160° தாண்டியதும் பூஜ்யத்துக்குக் கீழே போய் ஓரிரு சதவீதம் எதிர்மறையாகிவிடும், அதாவது அதிர்வுத் தளம் செங்கோணத்துக்கு மாறிவிடும். துகளின் வடிவத்தையும் கட்டமைப்பையும் காட்டிக்கொடுப்பது அந்தச் சின்ன எதிர்மறைப் பள்ளம்.

இப்போது பீக்கருக்கு வருவோம். லேசர்க் கற்றை நேராகக் கடந்து மறுபக்கக் கண்ணாடியில் பட்டு வெளியேறும்போது ஏறத்தாழ 4 சதவீதம் உள்ளே திரும்பி வரும். நீங்கள் 160°இல் டிடெக்டர் வைத்திருக்கிறீர்கள். திரும்பி வரும் கற்றைக்கு அது 20°. பால் கொழுப்பு மாதிரித் துகள்கள் ஒளியை முன்பக்கம்தான் வாரி இறைக்கும். 20°இல் வருவது 160°இல் வருவதைப் போல 100 மடங்கு என்று வையுங்கள். அதில் 4 சதவீதம் என்றால் 4. நீங்கள் அளக்க வந்ததோ 1. மீட்டர் 5 காட்டும், அதில் நாலு பங்கு கள்ளக் கணக்கு. கற்றை வெளியேறும் இடத்தில் கண்ணாடியின் வெளிப்புறம் கரும்பலகைப் பெயின்ட் பூசினால் பெரும்பகுதி அடங்கும். தண்ணீருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் திரும்புவது அரை சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் அது போகாது. அதனால் 150°க்கு மேல் வரைபடத்தை நீட்டாதீர்கள்.

பாத்திரம் நேர் உருளையாக இருக்கட்டும். டீக்கடைக் கிளாஸ் கீழே குறுகலாக இருக்கும், ஆகாது. கற்றை சரியாக விட்டத்தின் வழியே போக வேண்டும். டிடெக்டருக்கு முன்னால் கறுப்புத் தாளைச் சுருட்டி ஒரு குழாய் வையுங்கள். அதன் பார்வைக்குள் விழும் கற்றையின் நீளம் கோணத்துக்கேற்ப மாறும் என்பதால், ஒவ்வொரு அளவையும் அந்தக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கவும். இதை விட்டால் இரண்டு ஓரமும் தூக்கலாகத் தெரியும்.

எல்.டி.ஆர். (ஒளி பட்டால் மாறும் மின்தடை) வேண்டாம்; அது ஒளிக்கு நேர்விகிதத்தில் மாறாது. ஃபோட்டோடையோடு, டி.எல்.071 ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்), 10 மெகாஓம் மின்தடை போதும். 1 நானோஆம்பியருக்கு 10 மில்லிவோல்ட் கிடைக்கும், உங்கள் சிக்னலும் அந்த அளவில்தான் இருக்கும். மின்தடைக்கு இணையாக 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அமுங்கும். பச்சை லேசர் பளிச்சென்று இருக்கிறதே என்று வாங்க வேண்டாம். மலிவானவற்றில் அகச்சிவப்பும் சேர்ந்து கசியும். கண்ணுக்குத் தெரியாது, ஃபோட்டோடையோடு நன்றாகவே பார்க்கும். 650 நானோமீட்டர் சிவப்பு போதும். கால் மணி நேரம் எரியவிட்டுப் பிறகு அளவெடுங்கள்.

அந்தச் சிவப்பு ஒளி ஏற்கெனவே தளவிளைவுற்றது. பாயிண்டரைக் கையில் உருட்டினால் 90°இல் கற்றை மங்கிப் பிரகாசிப்பதைப் பார்க்கலாம். இதையே சாதகமாக்கிக்கொள்ளுங்கள்: அதன் தளத்தை 45°க்குத் திருப்பிப் பொருத்திவிட்டு, லேசருக்கு முன்னால் ஒரு போலராய்டுத் தாளைச் செங்குத்தாக ஒரு முறை, கிடையாக ஒரு முறை வைத்து அளக்கவும். இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் தளவிளைவு. தூசி கலக்காத வெறும் தண்ணீரில் நேர்க் கற்றை இரண்டு நிலையிலும் ஒரே அளவு காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். தியேட்டர் 3டி கண்ணாடியை வெட்டிப் போடாதீர்கள். அது பெரும்பாலும் வட்டத் தளவிளைவுக்கானது.

பால் ஒரு லிட்டருக்கு ஒரு சொட்டு, அதுவே சமயத்தில் கூடுதல். ஒளி ஒரே ஒரு முறை சிதறி வெளியே வர வேண்டும். கரைசலைப் பாதியாக நீர்க்கச் செய்தால் எல்லாக் கோணத்திலும் அளவு பாதியாக வேண்டும். ஆகாவிட்டால் பல முறை சிதறுகிறது என்று அர்த்தம். அப்போது தளவிளைவு குறைந்து காட்டும். பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டரிலும் தூசி உண்டு. வெறும் தண்ணீருக்கு ஒரு சுற்று அளந்து கழித்துவிடுங்கள்.

பால் உருண்டைத் துகள். 1908இல் ஜெர்மன் இயற்பியலாளர் குஸ்டாவ் மீ கோளத்தில் ஒளி சிதறுவதற்குப் போட்ட கணக்கு இதற்குப் பொருந்தும். கருவியைச் சரிபார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான வேலைக்குத் திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண் இருக்கிறது: இரும்பு ஆக்சைடு பூசிய, கோணல்மாணலான தூசி. மணலாக அப்படியே போட்டால் உடனே அடியில் தங்கிவிடும். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சிட்டிகை சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் (துகள்கள் ஒட்டாமல் பிரித்து வைக்கும் பொருள்) சேர்த்துக் கலக்கி, ஆறரை மணி நேரம் அசையாமல் வைத்து, மேல் 10 சென்டிமீட்டர் தண்ணீரை மட்டும் உறிஞ்சி எடுங்கள். 2 மைக்ரான் விட்டத்துக்கு மேற்பட்டவை அதற்குள் கீழே போயிருக்கும். கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கினால் உப்பு துகள்களைத் திரட்டிவிடும், அரை மணியில் எல்லாம் படிந்துவிடும்.

கோளக் கணக்கு வளைகோட்டில் அலையலையாக ஏற்ற இறக்கம் காட்டும் இடங்களில், தேரித் தூசி மொழுமொழுவென்று போகும். பல அளவுத் துகள்கள் கலந்திருப்பதாலும் அலை மழுங்கும் என்பதால், அளவுப் பரவலைக் கணக்கில் சேர்த்த பிறகே வடிவத்தின் மேல் பழி போடுங்கள்.

கடைசியாக, சிலிக்கேட்டின் ஒளிவிலகல் எண் 1.6 அளவில் என்றால் தண்ணீருக்குள் அது ஒப்பீட்டில் 1.2 ஆகிவிடும். விண்வெளியில் தண்ணீர் கிடையாது. ஸ்பெயினின் கிரனாடா ஆய்வகத்தில் தூசியைக் காற்றில் பீய்ச்சி அளப்பது இதனால்தான். ஆகவே தலைப்பில் 'வால்மீன்' என்று போடாமல், 'ஒழுங்கற்ற கனிமத் துகள்களின் ஒளிச்சிதறல்' என்று போடுங்கள், வைவாவில் தப்பிக்கலாம்.