வாசகர் கேள்வி: தொட்டிலோடு விமானம் ஏறலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஒன்பது மாதம் நிறைந்திருக்கிறது. பிறந்தது முதல் தூளியில் தூங்கிப் பழகியவள். மே மாதம் மாமனார், மாமியாரோடு திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஆறு நாள் சுற்றுலா செல்கிறோம். அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் 2010-இல் தன் மகனுக்கு வாங்கிய மடக்குத் தொட்டில் எங்களிடம் இருக்கிறது. எடை பதினோரு கிலோ. அதை எடுத்துச் செல்லலாமா? விமானத்துக்குள் விரிக்க அனுமதிப்பார்களா? அதன் மெத்தை மிகவும் மெல்லியதாக இருப்பதால் மேலே ஒரு பஞ்சு மெத்தை போடச் சொல்கிறார் மாமியார். போடலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: விமானத்துக்குள் விரிப்பதைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அதற்கு அனுமதி இல்லை, இடமும் இல்லை. நீண்ட தூர விமானங்களில் முன்வரிசைக்கு எதிரேயுள்ள தடுப்பில் பொருத்தித் தரப்படும் ‘பாசினெட்’ என்ற சிறு தொட்டில் விமான நிறுவனத்துக்கு உரியது. பக்கத்துக்கு மும்மூன்று இருக்கைகள் கொண்ட சிறிய விமானங்களில் அது பெரும்பாலும் இராது. இருந்தாலும் எடை வரம்பு உண்டு. இருக்கைப் பட்டி அணியச் சொல்லும் விளக்கு எரிந்தால் பெரும்பாலும் தூங்கும் குழந்தையைக் கையில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நான்கு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான தங்கள் பயணத்துக்கு மடியே போதும்.

மடக்குத் தொட்டில் செக்-இன் சாமானாகத்தான் போக முடியும். தள்ளுவண்டியையும் கார் இருக்கையையும் கட்டணமின்றி ஏற்கும் நிறுவனங்கள் எல்லாம் தொட்டிலையும் அவ்வாறே ஏற்கும் என்று நம்பிவிடக் கூடாது. பல நிறுவனங்கள் அதை மற்றுமொரு பெட்டியாகவே கணக்கிடுகின்றன. மடியில் அமரும் குழந்தைக்கெனத் தனியாகப் பத்து கிலோ தரும் நிறுவனங்களும் உண்டு, ஒன்றுமே தராத நிறுவனங்களும் உண்டு. ஆகவே, மடித்த நிலையில் தொட்டிலின் எடையையும் நீள, அகல, உயரங்களையும் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அளவுகளின் கூட்டுத்தொகை 158 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலான நிறுவனங்களில் அளவு பற்றிய சிக்கல் எழாது. எடை கூடும் என்று தெரிந்தால் கூடுதல் எடைக்கான அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். விமான நிலையத்தில் செலுத்தும் தொகை பொதுவாக அதைவிட அதிகம்.

ஆனால், தங்களிடம் உள்ள அந்தத் தொட்டிலை எடுத்துச் செல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. எடை அதற்குக் காரணமன்று. அமெரிக்காவில் மடக்குத் தொட்டில்களுக்கான கட்டாயப் பாதுகாப்பு விதிகள் 2013-இல்தான் நடைமுறைக்கு வந்தன. தங்களுடையது அதற்கு முந்தியது. மேல்கம்பிகளின் பூட்டு தேய்ந்து, குழந்தை உள்ளே இருக்கும்போதே அவை மடங்கிவிடுவதுதான் பழைய தொட்டில்களில் உள்ள பெரிய ஆபத்து. 1998-இல் சிகாகோவில் ஒன்றரை வயதுகூட நிறையாத ஒரு குழந்தை இப்படி மடங்கிய தொட்டிலில் கழுத்து நெரிபட்டு இறந்தது. அந்த வகைத் தொட்டில் ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1993-இல், சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டிருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொண்டவருக்கு அச்செய்தி எட்டவில்லை. உறவினர் அன்போடு கொடுத்ததை மறுப்பது நம் வீடுகளில் எளிதன்று என்பதை அறிவேன். நாத்தனாரிடம் இந்தச் செய்தியைச் சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார்.

மெத்தையைப் பொறுத்தவரை, தங்கள் மாமியாரின் பரிவு புரிகிறது, என்றாலும் கூடாது. தொட்டிலோடு வரும் மெத்தை மெல்லியதாகவும் கெட்டியாகவும் இருப்பது குறையன்று, வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டது. மேலே இன்னொரு மெத்தை போட்டால் அதற்கும் பக்கவாட்டு வலைக்கும் இடையில் சந்து உண்டாகி, அதில் குழந்தையின் முகம் புதைந்து மூச்சு முட்டக்கூடும். தலையணை, போர்வை, பொம்மை ஆகியவையும் வேண்டாம். இறுக்கமாகப் பொருந்தும் ஒரு விரிப்பு மட்டும் போதும். குழந்தையை மல்லாந்த நிலையில் படுக்க வையுங்கள்.

விடுதியில் குழந்தைக் கட்டில் கேட்டுப் பெறுவதே தங்களுக்கு ஏற்ற வழி. பல விடுதிகள் கேட்டால் தருகின்றன. எண்ணிக்கை குறைவு என்பதால் அறையைப் பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டு, புறப்படுவதற்கு முதல் நாள் மறுபடி உறுதி செய்யுங்கள். வந்த கட்டிலின் பூட்டுகளை அழுத்திப் பாருங்கள், வலை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள், குளிர்சாதனத்தின் நேர்க்காற்றிலிருந்தும் திரைச்சீலைக் கயிறுகளிலிருந்தும் தள்ளிப் போடுங்கள்.

இனி, தாங்கள் கேட்காத ஒன்று. தூளியின் ஆட்டத்தில் தூங்கியவள் அசையாத கட்டிலில் முதல் இரவே உறங்குவாள் என்று எதிர்பார்க்க முடியாது. இன்றிலிருந்தே பகல் தூக்கத்தைச் சமதளமான, கெட்டியான படுக்கைக்கு மாற்றிப் பழக்குங்கள். தூளிப் புடவையைக் கையோடு கொண்டு செல்லுங்கள்: அதில் சுற்றி மடியில் ஆட்டி, கண் சொக்கியதும் புடவையை எடுத்துவிட்டுக் கட்டிலில் கிடத்தலாம். விடுதியின் திரைச்சீலைக் கம்பியில் தூளி கட்டும் யோசனை யாருக்கு உதித்தாலும் உடனே தடுத்துவிடுங்கள். அந்தக் கம்பி துணியைத் தாங்குவதற்கானது. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. இங்கே எட்டு மணிக்கு உறங்குபவள் அங்கே பத்தரைக்குத்தான் உறங்குவாள். ஆறு நாளுக்காக அதை மாற்ற முயல வேண்டாம். மாலையில் வெளியே சென்றுவர அதுவே வசதி.

கேள்வி: நாங்கள் புதிதாக வாங்கிய மடக்குத் தொட்டில் ஆறு கிலோதான். சென்னையிலிருந்து தில்லிக்குக் கைப்பையாக எடுத்துச் செல்லலாமா? செக்-இன் செய்தால் உடைந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம்.
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: எடை ஏழு கிலோ வரம்புக்குள் இருந்தாலும் அளவு பொருந்தாது, கைப்பைக்கு வழக்கமான 55 சென்டிமீட்டர் நீளத்தை மடித்த தொட்டில் பெரும்பாலும் தாண்டிவிடும். செக்-இன் செய்யுங்கள். உறை மெல்லிய துணியாக இருந்தால் மூலைகளில் டயப்பர்களைச் செருகி, மேலே ஒரு கெட்டியான பையில் இடுங்கள். கொடுப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தில்லியில் பட்டையில் வராவிட்டால், அளவில் பெரிய சாமான்கள் வரும் பகுதியில் பாருங்கள். சேதம் தெரிந்தால் அந்தக் கூடத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் முகப்பில் எழுத்துமூலம் புகார் பதிந்து, நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.