“அவன் ஒன்றும் சொல்ல மாட்டான்”

கேள்வி: 9 பேர் வேலை பார்க்கும் சிறிய அச்சகம் நடத்துகிறேன். 11 வருடமாக இருக்கும் ஒருவர், சில மாதங்களாக நேரத்துக்கு வருவதில்லை. ப்ரூஃப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்புகிறார். கேட்டால் எரிந்து விழுகிறார். போன வாரம் ஆயிரம் விசிட்டிங் கார்டில் ஃபோன் நம்பர் தப்பு. நல்லவேளை, இன்னொரு பையன் ராத்திரி இருந்து திரும்ப அடித்துக் கொடுத்தான். எப்போதும் இப்படித்தான், அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். பழைய ஆளை அனுப்ப மனசு வரவில்லை. எல்லாரும் ஒரே குடும்பமாகப் பழகிவிட்டோம். என்ன செய்வது?

பதில்: கடிதம் முழுக்கப் பழைய ஊழியர். அந்தப் பையனுக்கு இரண்டு வரி. ஒன்றும் சொல்ல மாட்டான் என்கிறீர்கள். அந்தப் பையன் எப்படிச் சொல்வார்? சம்பளம் கொடுப்பவர் நீங்கள். அன்று எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தார் என்று விசாரித்தீர்களா? கூடுதல் நேரத்துக்குப் பணம் கொடுத்தீர்களா? ‘எப்போதும் இப்படித்தான்’ என்று நீங்களே எழுதுகிறீர்கள். ஒருவரைக் கண்டிக்கத் தயங்கி, அந்தச் சுமையை இன்னொருவர் தலையில் கட்டியிருக்கிறீர்கள். இதை இரக்கம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பழைய பாக்கியைக் கணக்குப் பார்த்து, அவர் கேட்காமலே கொடுத்துவிடுங்கள்.

குடும்பம் என்கிறீர்கள். அந்தப் பையனுக்கும் ஒரு குடும்பம் உண்டு, அது உங்கள் அச்சகத்தில் இல்லை. பெற்ற பிள்ளை எவ்வளவு தறிகெட்டுப் போனாலும் கைவிட முடியாது, கைவிடவும் கூடாது. வேலை கொடுத்த உறவு அப்படிப்பட்டதல்ல. அதில் உங்கள் கடமை, சொன்ன தேதியில் சம்பளம், எல்லாருக்கும் ஒரே நியாயம். இரண்டாவதில் தவறிவிட்டீர்கள். இப்படிப்பட்ட இடங்களில் நல்ல ஆள்தான் முதலில் கிளம்புவார். அப்போதும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அதற்காக நாளைக்கே பழையவரிடம் கணக்கை முடித்துவிடாதீர்கள். மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு ஒரே நாளில் வெளியேற்றுவது அதைவிட அநியாயம். நடத்தையையோ வேலைத் திறனையோ காரணம் காட்டி ஒருவரை நீக்குமுன், பதில் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158-ஆம் எண் உடன்படிக்கை (1982). அதே ஆண்டின் 166-ஆம் எண் பரிந்துரை, வேலை சரியில்லை என்றால் முதலில் எழுத்தில் எச்சரித்து, திருந்த நியாயமான அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் எந்தக் கடிதமும் கொடுக்குமுன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள்.

தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். இத்தனை வருடம் ஒழுங்காக இருந்தவர் ஏன் மாறினார்? உடம்பா, வீட்டுப் பிரச்சினையா? முதலில் அதைக் கேளுங்கள். விடுப்புத் தேவையென்றால் கொடுங்கள். அப்புறம் அந்த விசிட்டிங் கார்டை மேஜையில் வையுங்கள். ‘பொறுப்பே இல்லை’ என்று பொதுவாகத் திட்டுவதில் பிரயோஜனமில்லை. எந்தத் தேதி, எந்த வேலை, என்ன தப்பு என்று சொல்லுங்கள். ப்ரூஃபில் கையெழுத்துப் போடாமல் எதுவும் அச்சுக்குப் போகக் கூடாது. இது 9 பேருக்கும் விதி. எச்சரிக்கையை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மறுபடி எப்போது பேசுவீர்கள் என்று தேதியும் குறியுங்கள்.

திருந்தினால் சந்தோஷம். இல்லையென்றால் கடைசி எச்சரிக்கை, அதற்கும் அசையவில்லை என்றால் அனுப்பத்தான் வேண்டும். மற்றவர்கள் எதிரில் வேண்டாம். கூட ஒரு சாட்சி இருக்கட்டும். வரவேண்டிய தொகையை அன்றே பைசா பாக்கியில்லாமல் கொடுங்கள், வேலை பார்த்த சான்றிதழையும் சேர்த்து. மற்றவர்களிடம் அவர் இனி வரமாட்டார் என்பதையும், வேலையை எப்படிப் பிரித்திருக்கிறீர்கள் என்பதையும் மட்டும் சொல்லுங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு வார்த்தைகூட வேண்டாம்.