வெளிநாட்டில் ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய ஸ்பானியப் பெண்களில் யாரைப் பற்றிச் சொல்வீர்கள்?

மரியா சம்பிரானோ. யோசிக்கவே வேண்டியதில்லை.

ஸ்பெயின் என்றால் நம்மிடையே லோர்கா பெயர் வரும், செர்வாண்டஸ் பெயர் வரும். இவர் பெயர் அவ்வளவாக அடிபடுவதில்லை. அப்படியே அடிபட்டாலும் 'நாட்டை இழந்த தத்துவ எழுத்தாளர், செர்வாண்டஸ் விருது பெற்ற முதல் பெண்' என்று முடித்துவிடுகிறார்கள் (ஸ்பானிய மொழி இலக்கியத்தின் உயரிய விருது அது). நாட்டை இழந்ததற்கும் விருதுக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கிடக்கிறது. அதில் பெரும்பகுதி வருமானத்துக்காகப் பாடம் எடுத்த, உரையாற்றிய, கட்டுரை எழுதிய காலம். அவருடைய நல்ல புத்தகங்கள் சில அந்த வகுப்புகளிலிருந்து வந்தவைதான் என்பது என் கருத்து.

1904-இல் மாலகா அருகே வேலெஸ்-மாலகாவில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே ஆசிரியர்கள். மத்ரித்தில் ஒர்தேகா இ காசெத் என்ற தத்துவப் பேராசிரியரிடம் படித்து, அந்தப் பல்கலைக்கழகத்திலேயே கற்பிக்கவும் தொடங்கினார். 1936-இல் உள்நாட்டுப் போர்: குடியரசு அரசு ஒரு பக்கம், தளபதி பிராங்கோ தரப்பின் படை மறுபக்கம். கணவருக்குச் சிலி நாட்டிலிருந்த ஸ்பானியத் தூதரகத்தில் வேலை என்பதால் கூடவே போனவர், 1937-இல், குடியரசு தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில், திரும்பி வந்தார். போர்தான் தோற்றுவிட்டதே, ஏன் வந்தீர்கள் என்று கேட்டவர்களிடம், அதனால்தான் வந்தோம் என்றாராம். 1939 ஜனவரியில் பிரெஞ்சு எல்லையை நடந்து கடந்த அகதிக் கூட்டத்தில் அம்மாவும் தங்கை அரசெலியும் அவரும் இருந்தார்கள். அப்பா அதற்குச் சில மாதம் முன்பே பார்சிலோனாவில் இறந்துவிட்டார்.

அப்புறம் மெக்சிகோ. அதிபர் கார்தெனாஸ் அகதி அறிஞர்களுக்காகக் 'காசா தே எஸ்பான்யா' என்றொரு நிறுவனத்தை உருவாக்கியிருந்தார் (பின்னாளில் அதுவே 'எல் கொலேஹியோ தே மெஹிகோ' ஆனது). ஒர்தேகாவின் இன்னொரு மாணவரான ஹோசே காவோஸுக்குத் தலைநகரில் இடம் கிடைத்தது. சம்பிரானோவை மொரேலியா என்ற மாகாண நகரத்துக்கு அனுப்பினார்கள். பெண் என்பதாலா என்று பலரும் கேட்டிருக்கிறார்கள்; எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் மொரேலியாதான் அவரை எழுத்தாளராகப் பழுக்கவைத்தது. மத்ரித் பிராங்கோவின் படையிடம் விழுந்த அதே சமயத்தில், கிரேக்கத்தில் சுதந்திரம் என்ற எண்ணம் எப்படிப் பிறந்தது என்று அங்கே மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்ததாகவும், வகுப்பு முழுக்க அமைதியாகக் கேட்டதாகவும் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். தன் ஊர் விழுந்த நாளில் யாரால் இப்படிப் பாடம் நடத்த முடியும்?

அந்த ஆண்டே இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று, தலைநகரில் ஆற்றிய உரைகளின் தொகுப்பு. மற்றது 'தத்துவமும் கவிதையும்'. கவிஞர்களுக்குத் தன் லட்சிய நகரத்தில் இடமில்லை என்றவர் பிளேட்டோ. சொந்த ஊரை விட்டுத் துரத்தப்பட்ட ஒருத்தி அவர்கள் பக்கம் நின்று, கவிதையும் ஓர் அறிவு என்று வாதாடுகிறார். காகிதத்துக்காக எழுதிய நடையாகத் தெரியாது. எதிரில் மாணவர்கள் உட்கார்ந்திருப்பதுபோல ஓடும்.

நிரந்தரப் பேராசிரியர் பதவி அமையவில்லை. 1940-இலிருந்து ஹவானாவுக்கும் போர்ட்டோ ரிக்கோவுக்கும் மாறி மாறிப் போய்க் குறுகிய காலப் பாடத்திட்டங்கள், உரைகள். இதற்கிடையே அம்மாவும் தங்கையும் ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸில் மாட்டிக்கொண்டார்கள். தங்கையின் துணைவரைப் பிடித்து பிராங்கோவிடம் ஒப்படைக்க, 1942-இல் சுட்டுக் கொன்றார்கள். 1946-இல் அம்மா சாகக் கிடக்கிறார் என்று தெரிந்து கிளம்பிய சம்பிரானோ, அடக்கம் முடிந்த பிறகுதான் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அதன்பின் தங்கையை விட்டுப் பிரியவில்லை. ஆன்டிகொனி, சகோதரனை அடக்கம் செய்ததற்காக உயிரை இழந்த கிரேக்க நாடக நாயகி; பல வருடம் கழித்து எழுதிய 'ஆன்டிகொனியின் கல்லறை'யில் அவளுக்குள் இந்தத் தங்கைதான் இருக்கிறார்.

1953 முதல் ரோம். அக்கா தங்கை இருவருக்கும் பூனைகள் மேல் கொள்ளை ஆசை. வீடு நிறையப் பூனை என்று பக்கத்து வீட்டார் புகார் செய்ய, 1964-இல் இத்தாலியை விட்டே போகச் சொல்லிவிட்டார்கள். போர் துரத்தியது போதாதென்று இது வேறு! ஜெனிவாவுக்கு அருகே பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் ஒரு கிராமத்து வீட்டில் குடியேறினார்கள்.

ஸ்பெயினுக்குத் திரும்பியது 1984 நவம்பரில், எண்பது வயதில். 1988-இல் செர்வாண்டஸ் விருது, 1991-இல் மரணம். இன்று மாலகாவின் முக்கிய ரயில் நிலையத்துக்கு அவர் பெயர்.

படிக்க ஆசைப்பட்டால் 'வனத்தின் வெட்டவெளிகள்' என்ற பிற்கால நூலை முதலில் எடுக்காதீர்கள், அது பொறுமையைச் சோதிக்கும். ஹவானாவில் இருந்தபோது எழுதிய தன்வரலாறு ஆங்கிலத்தில் 'டெலிரியம் அண்ட் டெஸ்டினி' என்ற பெயரில் கிடைக்கிறது. தன்னையே 'அவள்' என்று படர்க்கையில் சொல்லிக்கொண்டு போவதால் முதலில் கொஞ்சம் விலகல் தோன்றும். சில பக்கங்களில் பழகிவிடும்.