சார்ஜ்: ஏற்றினால் ஒன்று, சுமத்தினால் ஒன்று

கேள்வி: போன் சார்ஜ், பஸ் சார்ஜ், லத்தி சார்ஜ், சார்ஜ் ஷீட், ஆபீசில் ‘சார்ஜ் எடுத்துக்கொண்டார்’... இதெல்லாம் ஒரே சொல்லா என்று ஏழாவது படிக்கும் என் மகள் கேட்கிறாள். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: ஒரே சொல்தான் அம்மா. உங்கள் ஊரில் மாங்காய் சீசனில் லோடு ஏற்றும் வண்டிகளை மகள் பார்த்திருப்பாள். அங்கிருந்தே ஆரம்பியுங்கள். லத்தீனில் ‘கர்ருஸ்’ என்றால் வண்டி. அதில் பாரம் ஏற்றுவதைக் குறித்த சொல்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சார்ஜ் ஆனது. கார், கார்கோ இரண்டும் அதே வேரில் வந்தவை.

எதன் மேல் எது ஏறுகிறது என்று பார்த்தால் பொருள் பிடிபட்டுவிடும். பேட்டரியில் மின்சாரம் ஏறுகிறது. வாங்குபவர் தலையில் கட்டணம் ஏறுகிறது. ஒருவர் மேல் குற்றம் ஏறினால் சார்ஜ் ஷீட், வேலை ஏறினால் பொறுப்பு. தமிழும் இதே வழியில்தான் போகிறது: மின்னேற்றுகிறோம், பொறுப்பேற்கிறோம், குற்றம் சுமத்துகிறோம். 1792-ல் நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமான பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்கு வந்தபோது அவர்களுடைய அதிகாரி அலெக்சாண்டர் ரீட் இந்தச் சீமைக்குச் ‘சார்ஜ்’ எடுத்தார் என்றால், நம் பக்கத்து நிர்வாகச் சுமை அவர் தோளில் ஏறியது என்று அர்த்தம்.

படை பாய்ந்து தாக்குவதும் சார்ஜ்தான். போர்க்குதிரைக்கே சார்ஜர் என்று பெயர் உண்டு. லத்தி சார்ஜ் இந்திய ஆங்கிலத்தில் உண்டான சொல்.

தருமபுரியில் நான் ஆங்கிலப் பாடம் எடுத்த காலமெல்லாம் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது வேறொன்று. ‘த நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் த சைல்ட்’ என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்வது நர்ஸ். ‘த சைல்ட் இஸ் இன் த சார்ஜ் ஆஃப் த நர்ஸ்’ என்றால் குழந்தை நர்ஸின் பொறுப்பில் இருக்கிறது. சார்ஜுக்கு முன்னால் ஒரு சின்ன ‘த’ சேர்ந்ததும், பார்த்துக்கொள்பவர் யார், பார்த்துக்கொள்ளப்படுபவர் யார் என்பது இடம் மாறிவிடுகிறது. மகளை இரண்டையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், கண்ணைவிடக் காது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம், ‘சார்ஜ்டு வித்’ என்று வந்தால் பெரும்பாலும் குற்றம், ‘சார்ஜ்டு ஃபார்’ என்று வந்தால் பெரும்பாலும் காசு. பஸ் சார்ஜ் நம்மூர் வழக்கு. பேச்சில் தாராளமாக இருக்கட்டும், பரீட்சைத் தாளில் மட்டும் ‘ஃபேர்’ என்று எழுதச் சொல்லுங்கள்.