முதல் வரி எங்கிருந்து வருகிறது?

கேள்வி: கல்லூரியில் கணிதம் படிக்கிறேன். விடையைப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் புரிகிறது. புத்தகத்தை மூடிவிட்டுப் புதிய கணக்கை எடுத்தால், எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. மற்றவர்களுக்கு மட்டும் எப்படித் தோன்றுகிறது?
- ஒரு மாணவி

பதில்: விடையை எழுதியவருக்கும் அது அந்த வரிசையில் தோன்றியிருக்காது. அடித்துத் திருத்திய தாள்களையெல்லாம் கசக்கி எறிந்துவிட்டு, கடைசித் தாளை மட்டும் உங்களிடம் நீட்டுகிறார். பாடநூல்களின் இந்தப் பழக்கத்தின் மீது எனக்குத் தீராத எரிச்சல் உண்டு.

ஒரு கணக்கு. டென்னிஸ் போட்டியில் 100 பேர். தோற்றவர் வெளியேற வேண்டும். ஒருவர் மிஞ்சும் வரை எத்தனை ஆட்டங்கள்? பலரும் 50, 25 என்று பாதியாக்கிக்கொண்டே வந்து, 25-இல் ஒருவர் ஜோடியில்லாமல் நிற்கும்போது திணறுவார்கள். 100-ஐ விட்டுவிடுங்கள். இருவர் என்றால் ஓர் ஆட்டம், மூவர் என்றால் இரண்டு, நால்வர் என்றால் மூன்று. அப்படியானால் 100 பேருக்கு 99 ஆக இருக்கலாம். பெரிய கணக்கு அசையாதபோது அதன் சிறிய வடிவத்தைத் தேடச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா.

ஆனால் ஊகம் கிடைத்ததும் பேனாவை மூடிவிடாதீர்கள். வட்டத்தின் மீது புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேர்கோட்டால் இணையுங்கள். உள்ளே எந்த மூன்று கோடுகளும் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது. வட்டம் எத்தனை துண்டுகளாகிறது? ஒரு புள்ளியிலிருந்து ஐந்து வரை 1, 2, 4, 8, 16 என்று அழகாக இரட்டிக்கும். ஆறு புள்ளிகளுக்கு 32 என்று சத்தியம் செய்யத் தோன்றும். எண்ணிப் பாருங்கள், 31தான்!

ஆகவே டென்னிஸுக்குத் திரும்பி, 'ஏன் 99?' என்று கேட்டாக வேண்டும். வென்றவரை விட்டுத் தோற்றவர்களைப் பாருங்கள். ஆட்டத்துக்கு ஒருவர் வெளியேறுகிறார். 99 பேர் வெளியேற வேண்டும். முடிந்தது. இந்தத் திருப்பம் வானத்திலிருந்து விழவில்லை. 99 என்ற எண் கையில் இருந்ததால்தான் 'யார் அந்த 99 பேர்?' என்று கேட்கத் தோன்றியது.

இனி விடையைப் பார்த்தே தீர வேண்டுமென்றால், முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மீதியைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சிறிய கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கு அந்த வரி தோன்றியிருக்கும் என்று தேடுங்கள். நேரம் பிடிக்கும், தேர்வுக்கு முந்தைய இரவில் மட்டும் இதை ஆரம்பிக்க வேண்டாம்.